'கராத்தே' பெயரை மாற்றியவர், தம் பாணிக்குப் பெயரே வேண்டாம் என்றார்: யார் இந்த ஃபுனாகோஷி?

வீட்டில் கராத்தே சான்றிதழ் ஏதாவது இருந்தால் ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள். உங்களுடையதாக இருக்கலாம், தம்பியுடையதாக இருக்கலாம், பழைய மஞ்சள் பெல்ட்டோடு சேர்த்து அம்மா அலமாரியில் பத்திரப்படுத்தியதாகவும் இருக்கலாம். சங்கத்தின் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயரும் இருக்கும். ஷோத்தோகான். இல்லையென்றால் கோஜு-ரியூ, ஷிட்டோ-ரியூ, வாடோ-ரியூ.

அதுதான் பாணியின் பெயர். எந்தக் குருவின் வழியில் வந்தவர்கள் நீங்கள் என்பதைச் சொல்லும் முகவரி மாதிரி.

இவற்றில் ஷோத்தோகான் உலகம் முழுவதும் பரவிய பெயர். அந்தப் பாணியின் தந்தை என்று எல்லாரும் சொல்வது கிச்சின் ஃபுனாகோஷியை. விஷயம் என்னவென்றால், அந்தப் பெயரை அவர் வைக்கவில்லை. அப்படி ஒரு பாணி இருப்பதாகச் சொல்வதையே அவர் வெளிப்படையாக எதிர்த்தார்.

அதே மனிதர்தான் 'கராத்தே' என்ற சொல்லை எழுதும் விதத்தையே மாற்றி, சொந்த ஊர்க்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். ஒரு கலையின் பெயருக்காக அவ்வளவு போராடியவர், தமக்கென்று ஒரு பெயர் வேண்டாம் என்று ஏன் சொன்னார்?

அதைப் புரிந்துகொள்ள, முதலில் அவர் தலைமுடியைப் பற்றிப் பேச வேண்டும்.

ஒரு குடுமியின் கதை

ஃபுனாகோஷி 1868ல் ஷுரி நகரில் பிறந்தார். இன்று அது ஜப்பானின் ஒக்கினாவா மாநிலத்தில் இருக்கிறது. அவர் பிறந்தபோது அப்படி ஒரு மாநிலமே இல்லை. அது ரியூக்கியூ என்ற தனி அரசு. சொந்த மன்னர், சொந்த மொழி. 1609லிருந்து ஜப்பானின் சாட்சுமா பிரபுக்களின் பிடியில் இருந்தாலும், இன்னொரு பக்கம் சீனப் பேரரசருக்கும் காணிக்கை அனுப்பிக்கொண்டிருந்தது. சீனாவிலிருந்து வந்த படிப்பு, பட்டு, மருந்து எல்லாவற்றுக்கும் அங்கே தனி மரியாதை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1879ல் ஜப்பான் அந்த அரசைக் கலைத்துவிட்டு ஒக்கினாவாவை ஒரு மாநிலமாக்கியது. ஃபுனாகோஷிக்கு அப்போது 10 வயது.

அவருடைய குடும்பம் அரசுப் பணியில் இருந்த சிறிய பிரபுக் குடும்பம். பணம் இருந்த காலம் போய்விட்டது. அப்பாவின் குடிப்பழக்கம் அதில் பாதியைத் தின்றது. பையனோ குறைமாதத்தில் பிறந்த நோஞ்சான். தாய்வழித் தாத்தா பாட்டிதான் வளர்த்தார்கள்.

அவருக்கு மருத்துவராக ஆசை. தோக்கியோ மருத்துவப் பள்ளித் தேர்வை எழுத 1870ல் அல்லது அதற்குப் பிறகு பிறந்திருக்க வேண்டும் என்று விதி. பிறந்த ஆண்டைப் பதிவேட்டில் மாற்றிக்கொண்டு எழுதினார், தேறினார். இதை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஆனாலும் உள்ளே போக முடியவில்லை. குடுமி வைத்தவர்களுக்கு அங்கே இடமில்லை.

புதிய ஜப்பானிய அரசு குடுமியை ஒழித்திருந்தது. ஒக்கினாவாவில் அது சாதாரண முடி விவகாரம் இல்லை. குடுமியை வைத்திருந்தால் பழைய அரசின் பக்கம், வெட்டினால் ஜப்பான் பக்கம். ஃபுனாகோஷியின் வீட்டார் பழைய பக்கம். மகன் மருத்துவராகாவிட்டாலும் பரவாயில்லை, குடுமி இருக்கட்டும் என்றார்கள்.

1888ல் அவருக்குப் பள்ளியில் உதவி ஆசிரியர் வேலை கிடைத்தது. அங்கேயும் அதே விதி. இந்த முறை அவர் வெட்டிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அப்பா கோபத்தில் கத்தினார். அம்மா பின்வாசல் வழியாக இறங்கித் தம் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒரு சின்ன அடையாளத்தை விட்டுக்கொடுத்தால் ஒரு கதவு திறக்கும், அதற்கு விலையும் உண்டு என்பதை 20 வயதில் அவர் பார்த்துவிட்டார். இது என்னுடைய ஊகம்தான், ஆனால் பின்னால் நடந்ததைப் படிக்கும்போதெல்லாம் இந்தக் குடுமிதான் ஞாபகத்துக்கு வருகிறது.

இரவில் மட்டும் வகுப்பு

ஃபுனாகோஷியின் பள்ளித் தோழர் ஒருவரின் அப்பா அசாத்தோ. ஊரறிந்த வீரர், படித்தவர். நோஞ்சான் பையனை அவரிடம் அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் இந்தக் கலையை யாரும் பகலில், நாலு பேர் பார்க்கச் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். கையில் விளக்கோடு இரவில் போய், அசாத்தோவின் வீட்டுக் கொல்லையில் பயிற்சி செய்துவிட்டு விடியும் நேரத்தில் திரும்புவார். இந்தப் பிள்ளை ராத்திரியில் எங்கே போய் வருகிறான் என்று அக்கம்பக்கத்தில் வேறு மாதிரிக் கிசுகிசு கிளம்பியதாம்.

ஒரே காத்தாவை மாதக்கணக்கில் செய்ய வேண்டும். காத்தா என்பது வரிசையாக அமைந்த அசைவுகளின் தொகுப்பு. நம் சிலம்பத்தில் எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் வரிசைகள் இருக்கின்றனவே, அது மாதிரி. அசாத்தோ தாழ்வாரத்தில் உட்கார்ந்து பார்ப்பார். பாராட்டு அபூர்வம். திரும்பச் செய்யச் சொல்வதுதான் வழக்கம்.

பின்னர் அசாத்தோவின் நண்பர் இத்தோசுவிடமும் கற்றார். 1900களின் தொடக்கத்தில் இந்தக் கலையை ஒக்கினாவாப் பள்ளிகளில் உடற்பயிற்சியாகக் கொண்டுவந்தவர் இத்தோசு. இருட்டில் ரகசியமாகக் கற்ற ஒன்று வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. பையனும் திடமானார், 30 ஆண்டுகளுக்கு மேல் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார்.

அப்போது இந்தக் கலைக்கு என்ன பெயர்? ஊர் வழக்கில் வெறும் 'தே', அதாவது கை. அல்லது 'தோடி'. அதன் பொருள் சீனக் கை. சீனாவில் தாங் வம்சம் ஆண்ட காலத்தின் பெயரைக் குறிக்கும் எழுத்தையும், கையைக் குறிக்கும் எழுத்தையும் சேர்த்து எழுதுவார்கள். சீனாவிலிருந்து வந்தது, அதனால் உசத்தி என்ற தொனியும் அதில் இருந்தது.

53 வயதில் தோட்டம் கூட்டியவர்

1921ல் ஜப்பானின் பட்டத்து இளவரசர் ஹிரோஹித்தோ ஐரோப்பா போகும் வழியில் ஒக்கினாவாவில் இறங்கினார். ஷுரி கோட்டையில் அவர் முன் கராத்தே செய்து காட்டிய குழுவுக்கு ஃபுனாகோஷி தலைமை தாங்கினார். அடுத்த ஆண்டு தோக்கியோவில் கல்வி அமைச்சு நடத்திய உடற்பயிற்சிக் கண்காட்சிக்கு ஒக்கினாவாவின் சார்பில் போனார். சில நாளில் திரும்புவதாகத் திட்டம்.

அங்கே ஜிகோரோ கானோ அவரைக் கோடோகானுக்கு அழைத்தார். கானோ யாரென்றால், ஜூடோவை உருவாக்கியவர். அவரும் பெயர் வைப்பதில் கெட்டிக்காரர். ஜுஜுட்சு என்ற பழைய சண்டைக் கலையை எடுத்துச் சீர்ப்படுத்தி, 1882ல் தம் பள்ளியைத் தொடங்கினார். 'ஜுட்சு' என்றால் நுட்பம். அதை எடுத்துவிட்டு 'டோ', அதாவது வழி, என்று சேர்த்தார். அடிதடி என்று பெயரெடுத்திருந்த ஒன்று வாழ்க்கை நெறியாகிவிட்டது, பள்ளிக்கூடங்களும் கதவைத் திறந்தன. இதையெல்லாம் ஃபுனாகோஷி கவனித்திருப்பார் என்பதில் சந்தேகமில்லை. வெள்ளைச் சீருடை, கறுப்பு பெல்ட், டான் தரநிலை எல்லாம் கராத்தேவுக்கு ஜூடோவிலிருந்து வந்தவைதான். 1924ல் ஃபுனாகோஷி தம் மாணவர்களுக்கு முதல் கறுப்பு பெல்ட்டுகளை வழங்கினார்.

ஆக, திரும்பிப் போகவில்லை. மனைவி ஒக்கினாவாவிலேயே தங்கிவிட்டார். முன்னோர் வழிபாட்டை விட்டுவிட்டு வர அவருக்கு மனமில்லை.

தோக்கியோ வாழ்க்கை சொகுசானது அல்ல. ஒக்கினாவா மாணவர்கள் தங்கும் விடுதி ஒன்றில் ஒரு சின்ன அறை. வாடகைக்குப் பதிலாகத் தோட்டம் கூட்டுவது, அறைகளைச் சுத்தம் செய்வது, காவல் பார்ப்பது. கையில் காசில்லாமல் தொப்பியையும் கிமோனோவையும் அடகு வைத்த நாள்களும் உண்டு. ஒருமுறை அவரைப் பேட்டி எடுக்க ஒரு செய்தியாளர் வந்தார். தோட்டம் கூட்டிக்கொண்டிருந்த முதியவரிடமே ஃபுனாகோஷி எங்கே என்று விசாரித்தார். அவர் அடக்கமாகப் பதில் சொல்லிவிட்டு உள்ளே போய், நல்ல உடை மாற்றிக்கொண்டு வந்து, ஃபுனாகோஷியாகத் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். செய்தியாளரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நம் தொழிலில் இதெல்லாம் சகஜம்.

ஒரே ஒலி, வேறு எழுத்து

இப்போது பெயர் விவகாரத்துக்கு வருவோம்.

தமிழில் 'மாலை' என்றால் பொழுது சாயும் நேரம், கழுத்தில் போடும் பூமாலையும் அதுதான். இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். ஜப்பானிய மொழியில், சீன எழுத்துகளைக் கொண்டு எழுதுவதால், ஒலி ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு பொருளுக்கும் தனி எழுத்து. 'கரா' என்ற ஒலியைச் சீனாவைக் குறிக்கும் தாங் எழுத்தாலும் எழுதலாம், வெறுமை என்று பொருள்படும் எழுத்தாலும் எழுதலாம். முதல் எழுத்தைப் போட்டால் 'கராத்தே' சீனக் கை. இரண்டாவதைப் போட்டால் வெறுங்கை.

வெறுங்கை என்று எழுதும் யோசனை ஃபுனாகோஷியின் தலையில் முதலில் உதித்தது அல்ல. 1905லேயே ஹனாஷிரோ சோமோ என்ற ஒக்கினாவா ஆசிரியர் அப்படி எழுதிவிட்டார். ஃபுனாகோஷியின் முதல் புத்தகம் 1922ல் வந்தபோது, அதன் தலைப்பில் சீனக் கைதான் இருந்தது.

மாற்றம் கெய்யோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அவர் பயிற்சி கொடுத்த முதல் பல்கலைக்கழகக் குழு அது. 1929 வாக்கில் அந்தக் குழு வெறுங்கை எழுத்துக்கு மாறியது. 1935ல் வந்த அவருடைய பெரிய நூலின் தலைப்பிலேயே புதிய எழுத்து. கூடவே கானோ வழியில் 'டோ'வும் சேர்ந்தது. கராத்தே-டோ, வெறுங்கையின் வழி.

காரணங்களையும் அவர் விளக்கினார். கையில் ஆயுதம் இல்லை, அதனால் வெறுங்கை. சுயநலமும் கெட்ட எண்ணமும் இல்லாமல் மனத்தைக் காலியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இன்னொரு விளக்கம். பௌத்தத்தில் சூனியம் என்று சொல்வார்களே, எல்லா வடிவங்களும் அடிப்படையில் வெறுமையே என்ற கருத்து, அதையும் இதோடு சேர்த்தார். காமாகுராவின் எங்காகுஜி ஸென் மடத்தோடு அவருக்கு இருந்த தொடர்பு இதற்குப் பின்னால் இருக்கிறது. கடைசியாக ஒரு நடைமுறைக் காரணம்: சீன எழுத்து இருந்தால் மக்கள் இதைச் சீனக் குத்துச்சண்டையோடு குழப்பிக்கொள்வார்கள்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டுகளைப் பாருங்கள். 1931ல் ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்தது. 1937ல் சீனாவோடு முழுப் போர். அந்த நேரத்தில், தோக்கியோவில், பெயரிலேயே சீனா இருக்கும் ஒரு கலையை எடுத்துக்கொண்டு அரசு அமைப்புகளின் கதவைத் தட்ட முடியுமா? கஷ்டம்தான். ஜப்பானின் தற்காப்புக் கலைகளுக்கு அதிகாரபூர்வ அங்கீகாரம் கொடுத்த தாய் நிப்போன் புத்தோகுகாய் என்ற அமைப்பு, கராத்தே முழுக்க ஜப்பானியக் கலையாகத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்த்தது.

ஒக்கினாவாவிலிருந்தும் தோக்கியோவிலிருந்தும் கண்டனங்கள் வந்தன. காலங்காலமாக எழுதிவந்ததை மாற்ற இவர் யார் என்ற கோபம் அதில் இருந்தது. கொஞ்சம் யோசித்தால் அந்தக் கோபம் நியாயமானது. ரியூக்கியூ அரசு போனது, கொடி போனது, குடுமி போனது, பள்ளியில் பிள்ளைகள் தாய்மொழி பேசினால் தண்டனை. மிச்சமிருந்த ஒன்றின் பெயரிலிருந்தும் பழைய உறவை ஒருவர் அழிக்கிறார், அவரும் நம் ஊர்க்காரர்.

இன்னொரு பக்கமும் உண்டு. தோக்கியோவில் ஒக்கினாவாக்காரர்களைக் கீழாகப் பார்த்த காலம் அது. அங்கே போய் தம் ஊர்க் கலையை வாளுக்கும் ஜூடோவுக்கும் சமமாக நிறுத்தியது ஒரு பள்ளி ஆசிரியர். அதற்கு அந்த ஓர் எழுத்து விலை என்றால் கொடுக்கலாம் என்று அவர் முடிவு செய்தார். தத்துவம் உண்மையா, அரசியல் உண்மையா என்று கேட்டால், இரண்டுமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒன்றை மறைக்க இன்னொன்றைச் சொன்னார் என்று ஒரேயடியாகத் தீர்ப்பு சொல்வது சரியில்லை.

1936 அக்டோபர் 25ஆம் தேதி ஒக்கினாவாவின் நாஹா நகரில் ஒரு நாளிதழ் கூட்டிய கூட்டத்தில் மியாகி சோஜுன், மோத்தோபு சோகி போன்ற பெரிய ஆசான்கள் உட்கார்ந்து பேசினார்கள். ஹனாஷிரோவும் வந்திருந்தார். இனி வெறுங்கை என்றே எழுதுவது என்று அங்கே முடிவானது. ஃபுனாகோஷி அந்தக் கூட்டத்தில் இல்லை, தோக்கியோவில் இருந்தார்.

காத்தாக்களுக்கும் புதுப் பெயர்

எழுத்தோடு அவர் நிற்கவில்லை. காத்தாக்களின் பெயர்களையும் மாற்றினார்.

கராத்தே படித்தவர்களுக்கு ஹெய்யான் காத்தாக்கள் தெரிந்திருக்கும். தொடக்கநிலை மாணவர்கள் செய்யும் ஐந்து காத்தாக்கள். பழைய பெயர் பினான். இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான், வாசிப்புதான் வேறு. இது நமக்குப் புரியாத விஷயம் இல்லை. உங்கள் வகுப்பில் டான், சான், சென் என்று மூன்று நண்பர்கள் இருந்தால், மூன்று குடும்பப் பெயர்களும் சீனத்தில் ஒரே எழுத்தாக இருக்கலாம். ஹொக்கியென் வீட்டில் டான், கண்டனிஸ் வீட்டில் சான், மாண்டரினில் சென். ஃபுனாகோஷி செய்தது அதுதான், பழைய வாசிப்பை எடுத்துவிட்டு ஜப்பானிய வாசிப்பைப் போட்டார்.

சில பெயர்களை அடியோடு மாற்றினார். நைஹான்சி என்பது தெக்கி ஆனது, பொருள் இரும்புக் குதிரை. அந்தக் காத்தாவில் குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி நிற்க வேண்டும், பொருத்தமான பெயர்தான். வான்ஷு என்பி ஆனது, பறக்கும் தகைவிலான் குருவி. குஷாங்கு கான்கு ஆனது, வானத்தைப் பார்ப்பது. தொடங்கும்போது இரு கைகளையும் உயர்த்தி அவற்றின் இடைவெளியில் மேலே பார்ப்பதால் அந்தப் பெயர்.

அழகான பெயர்கள், மாணவர்களுக்கும் சுலபமாகப் புரியும். ஆனால் வான்ஷுவும் குஷாங்குவும் ஒக்கினாவாவுக்கு வந்த சீனர்களின் பெயர்கள் என்பது மரபு. அவர்கள் கற்றுக்கொடுத்ததன் நினைவாக அந்தப் பெயர்கள் வழங்கிவந்தன. பறவையும் வானமும் வந்ததும் அந்த மனிதர்கள் காணாமல் போனார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. எழுத்தை மாற்றியதைவிட இதுதான் பெரிய இழப்பு என்று நினைக்கிறேன்.

மற்றப் பாணிகள் பல பழைய பெயர்களை விடவில்லை. அதனால் இன்றும் ஒரே காத்தாவுக்கு இரண்டு மூன்று பெயர்கள்.

எல்லாரும் பெயர் வைத்தபோது

1930களில் கராத்தே ஆசிரியர்கள் ஆளுக்கொரு பாணிப் பெயர் வைக்கத் தொடங்கினார்கள். பதிவு செய்ய வேண்டும், பதிவுக்குப் பெயர் வேண்டும். ஜப்பானியத் தற்காப்புக் கலைகளில் எந்தப் பள்ளி என்று கேட்பது வழக்கம். மியாகி சோஜுனின் மாணவர் ஒருவர் தோக்கியோவில் செய்து காட்டியபோது இந்தக் கேள்வி வந்ததாம், பதில் சொல்லத் தெரியவில்லையாம். அதற்குப் பிறகு மியாகி வைத்த பெயர் கோஜு-ரியூ. கோ என்றால் கடினம், ஜு என்றால் மென்மை. மாபுனி கென்வா தம் இரண்டு குருமாரின் பெயர்களில் இருந்த முதல் எழுத்துகளை எடுத்து ஷிட்டோ-ரியூ என்று வைத்தார். அந்த இருவரில் ஒருவர் இத்தோசு. ஃபுனாகோஷியின் சொந்த மாணவரான ஓட்சுக்கா ஹிரோனோரி பிரிந்து போய் வாடோ-ரியூ தொடங்கினார். வா என்றால் இணக்கம்.

சொந்தமாக ஒரு பாணி உருவாக்கிப் பெயர் தேடும் யாருக்கும் இந்த வழிகள் இன்றும் திறந்தே இருக்கின்றன. குருவின் பெயரை வைக்கலாம், கொள்கையை வைக்கலாம், ஊர்ப் பெயரை வைக்கலாம். ஃபுனாகோஷி எதையும் வைக்கவில்லை. கேட்டால் தாம் கற்றுக்கொடுப்பது கராத்தே, அவ்வளவுதான். பாணி பாணியாகப் பிரித்துப் பெயர் சூட்டுவது கலைக்கே கெடுதல், எல்லாம் ஒன்றாகச் சேர வேண்டும் என்பது அவருடைய உறுதியான கருத்து. தம்மையும் தம் தோழர்களையும் ஷோத்தோகான் பள்ளி என்று பிறர் அழைப்பதைக் கேள்விப்பட்டபோது, அதைக் கடுமையாக மறுத்தே எழுதினார்.

அப்படியானால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

இளவயதில் அவர் கவிதை எழுதுவார். ஷுரிக்கு வெளியே தோராவோ என்று ஒரு குன்று. புலிவால் என்று பொருள். அடர்ந்த பைன் மரங்கள். வேலை முடிந்த மாலைகளில் அங்கே நடப்பார். மரங்களின் ஊசி இலைகளில் காற்று புகுந்து எழுப்பும் சத்தம் கடலலை போலக் கேட்கும். அதை வைத்து 'ஷோத்தோ', பைன் அலை, என்று ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டார். கவிதைகளுக்கும் தூரிகை எழுத்துகளுக்கும் கீழே போடும் கையெழுத்து, அவ்வளவுதான்.

1930களில் மாணவர்கள் நாடு முழுவதும் பணம் திரட்டி, தோக்கியோவின் ஸோஷிகாயா பகுதியில் அவருக்கு ஒரு பயிற்சிக்கூடம் கட்டினார்கள். அதுவரை வாடகை இடத்திலும் மற்றவர்களின் கூடங்களிலும் கற்றுக்கொடுத்தவர் அவர். வயது எழுபதை நெருங்கிவிட்டது. வாசலில் மாணவர்கள் ஒரு பலகை மாட்டினார்கள். கான் என்றால் கூடம். ஷோத்தோ-கான், ஷோத்தோவின் கூடம். நம் ஊரில் ஐயாவின் நினைவாக மண்டபத்துக்குப் பெயர் வைப்பதில்லையா, அந்த அன்புதான். அந்தப் பலகையின் கீழே நடந்து போனபோது அவர் மனம் நெகிழ்ந்தார். கட்டடத்தின் பெயராக அவருக்கு அது மகிழ்ச்சி. கலையின் பெயராக மாறியபோதுதான் பிரச்சினை.

ஷோத்தோகானின் வட்டத்துக்குள் நிற்கும் புலியைப் பார்த்திருப்பீர்கள். அதை வரைந்தவர் ஓவியர் ஹோவான் கோசுகி. ஃபுனாகோஷியைப் புத்தகம் எழுதத் தூண்டியவரும் அவர்தான்.

பலகை எரிந்தது

போர் வந்தது. மாணவர்கள் பயிற்சிக்கூடத்துக்கு வந்து வணங்கி விடைபெற்றுப் போனார்கள், பலர் திரும்பவில்லை. அவர்கள் போன ராணுவம் 1941 டிசம்பரில் கோத்தா பாருவில் கரையிறங்கியது. அதற்குப் பிறகு இங்கே நடந்தது, சயாம் ரயில் பாதைக்குப் போன நம்மவர்களின் கதை எல்லாம் தாத்தா பாட்டி சொல்லி நமக்குத் தெரியும். ஃபுனாகோஷியின் வாழ்க்கையைப் படிக்கும் மலேசிய, சிங்கப்பூர் வாசகரால் அந்தப் பக்கங்களைச் சாதாரணமாகத் தாண்டிப் போக முடியாது.

1945ல் விமானத் தாக்குதலில் கூடம் எரிந்தது. அதே ஆண்டு அவருடைய மகன் கிகோ நோயால் இறந்தார். தாழ்ந்த நிலை, உயரமான உதை என்று இன்று ஷோத்தோகானில் நாம் பார்க்கும் பலவற்றை வளர்த்தவர் கிகோ. ஒக்கினாவாவையும் போர் தரைமட்டமாக்கியது. அங்கிருந்து தப்பி கியூஷு தீவுக்கு வந்த மனைவியிடம் ஃபுனாகோஷி போய்ச் சேர்ந்தார். 20 ஆண்டுகளுக்கு மேல் பிரிந்திருந்தவர்கள், கடைசிக் காலத்தில் அகதிகளாகச் சேர்ந்திருந்தார்கள். 1947ல் மனைவி இறந்தார். அவர் அஸ்தியோடு தோக்கியோவுக்குத் திரும்பினார்.

1949ல் மாணவர்கள் ஜப்பான் கராத்தே சங்கத்தை அமைத்து, 80 வயதான அவரைக் கௌரவத் தலைமைப் பயிற்றுநராக்கினார்கள். 1950களில் ஜப்பானில் இருந்த அமெரிக்க விமானப்படையினரும் கராத்தே கற்றார்கள். அங்கிருந்து அது உலகம் சுற்றத் தொடங்கியது. வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. எரிந்துபோன பலகையின் பெயர் ஒட்டிக்கொண்டது.

1957 ஏப்ரல் 26ஆம் தேதி, 88 வயதில் அவர் காலமானார். இறுதிச் சடங்கை யார் முன்னின்று நடத்துவது என்பதிலேயே மாணவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு பக்கம் ஜப்பான் கராத்தே சங்கம், மறுபக்கம் ஷோத்தோகாய். இரண்டு பக்கமும் அவர் பெயரைச் சொல்லித்தான் பிரிந்தது. கராத்தேவைப் போட்டியாக்குவது அவருக்குப் பிடிக்காது. அவர் இறந்த அதே ஆண்டு அக்டோபரில் சங்கத்தின் முதல் தேசியப் போட்டி நடந்தது.

2005ல் ஒக்கினாவா மாநில மன்றம் அக்டோபர் 25ஐக் கராத்தே நாளாக அறிவித்தது. நாஹாவில் எழுத்தை மாற்ற முடிவெடுத்த அதே தேதி.

2021ல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே முதல்முறையாக இடம்பெற்றது. ஆண்கள் காத்தாவில் தங்கம் வென்ற ரியோ கியூனா ஒக்கினாவாவைச் சேர்ந்தவர். அந்தத் தீவிலிருந்து ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் வீரர். காத்தாப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. வீரர் நடுவில் வந்து வணங்கி, செய்யப்போகும் காத்தாவின் பெயரை அரங்கம் அதிரச் சொல்ல வேண்டும். அடுத்த முறை பார்க்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். ஷோத்தோகான் வீரர் கான்கு என்பார். வேறு பாணியிலிருந்து வந்தவர், கிட்டத்தட்ட அதே அசைவுகளுக்கு, குஷாங்கு என்பார்.